இன்டர்கூலருக்குள் ஒயில் தேங்குது: டர்போ மாத்த வேணுமா?

உப்புவெளி வேன்:
3 லீற்றர் காமன் ரெயில் டர்போ டீசல் வேன், 240,000 கி.மீ. ஓடினது. டர்போவில் இருந்து, அது அமுக்கின சூட்டுக் காத்தைக் குளிராக்கும் இன்டர்கூலருக்குப் போற ஹோஸின் கிளிப்படியில் ஒயில் கசிஞ்சு தூசி அப்பியிருக்கு. கழட்டினால் இன்டர்கூலருக்குள் இருந்து ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் கறுப்பு ஒயில் வடியுது. இழுவை குறையேல்லை, நீலப் புகையும் இல்லை. சீசனில் நிலாவெளிக் கடற்கரையடியில் ஏசி போட்டபடி மணித்தியாலக் கணக்கில் ஸ்டார்ட்டில் நிற்கும். கராஜில் டர்போ மாத்தச் சொல்லுகினம். சரியோ?

கந்தளாய் டீசல்:
தம்பி, பொறுங்கோ. ஒயில் எந்த வழியால் உள்ளே வருது என்று பார்க்காமல் டர்போவுக்குக் காசு கட்டக் கூடாது.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சக் காஸ் எப்பவும் அடியில் உள்ள ஒயில் தொட்டியான சம்ப்புக்குள் இறங்கும். அது ஒயில் புகாரையும் (பனி மாதிரி நுண்துளி) தூக்கிக்கொண்டு, என்ஜின் மேல்மூடியான டப்பட் கவரில் உள்ள பிரீதர் (என்ஜின் மூச்சு விடும்) ஹோஸ் வழியாக, எயர் பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள பைப்பில் வந்து சேரும். புது என்ஜினிலும் இது நடக்கும். ஹோஸ் உட்புறம் மெல்லிய ஒயில் படலம் இருந்தால் அது பழுதில்லை. இன்டர்கூலர் பள்ளமான இடம், அங்கே காத்துக் குளிர, புகார் துளியாகித் தங்கும். இத்தனை வருசத்தில் ஒருக்காலும் கழுவாததென்றால் 150 மில்லிலீற்றர் பெரிய கணக்கில்லை.

இப்ப அந்த முன் பைப்பைக் கழட்டுங்கோ. பிரீதர் சேரும் இடத்துக்குப் பிறகு ஈரம், கம்பிரசர் சில்லின் (டர்போவில் காத்தை அமுக்கும் சில்லு) முன்முகமும் ஈரமென்றால் ஒயில் என்ஜினில் இருந்து வருது. முன்பக்கம் காய்ஞ்சு, டர்போவுக்குப் பிறகு மட்டும் நனைஞ்சிருந்தால் டர்போவைச் சந்தேகப்படலாம்.

கிண்ணியா நானா:
டர்போ பக்கம் வந்தாலும் டர்போதான் குற்றவாளி என்று இல்ல தம்பி. உள்ளே இருக்கிற சீல் ரப்பர் சீல் இல்ல, பிஸ்டன் ரிங் மாதிரி ஒன்று. சில்லுக்குப் பின்னால காத்தழுத்தம் இருந்தாத்தான் ஒயில் நிக்கும். ஸ்டார்ட்டில சும்மா நிக்கிறப்ப பூஸ்ட் (டர்போ அமுக்கிற காத்தழுத்தம்) இல்ல. அதோட எயர் பில்டர் கடற்கரை மணலில அடைச்சிருந்தா, அது ஒயில உறிஞ்சி இழுக்கும். அதனால பில்டர முதல்ல மாத்துங்க.

அடுத்து டர்போவில இருந்து சம்ப்புக்கு இறங்குற ரிட்டேர்ன் பைப். அதில ஒயில் தன் பாரத்தால மட்டும்தான் இறங்குது. கரி பிடிச்சாலும், நசுங்கினாலும், கேஸ்கட்டுக்குப் பூசின சிலிக்கன் உள்ளே பிதுங்கினாலும், டிப் ஸ்டிக்கில மேல்கோட்டத் தாண்டி ஒயில் ஊத்தினாலும் இறங்காம சீலால வெளியேறும். இதப் பார்க்காம புது டர்போ போட்டா அதுவும் ஒழுகும்.

சில்லைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. பக்கவாட்டில கொஞ்சம் அசையும், அது சரி. முன்னுக்குப் பின்ன கையில தெரியிற அளவு ஆட்டம் இருந்தாலோ, சில்லு ஹவுசிங்கில உரசின தடம் இருந்தாலோ டர்போ முடிஞ்சுது.

உப்புவெளி வேன்:
பார்த்தன். பிரீதர் சேரும் இடத்தில் இருந்து எல்லாம் ஈரம், சில்லின் முன்முகமும்தான். முன் பின் ஆட்டம் இல்லை. ரிட்டேர்ன் பைப் சுத்தம். சூட்டில் ஸ்டார்ட் பண்ணி ஒயில் மூடியைக் கவிழ்த்து வைத்தால் துள்ளி விழுது. டீசல் பீச்சும் இன்ஜெக்டர் அடியில் தார் மாதிரிக் கறுப்பு.

கந்தளாய் டீசல்:
அப்ப ஒயில் என்ஜினில் இருந்துதான் வருது, டர்போவில் இருந்து இல்லை. அந்தத் தார்தான் முக்கியம். இன்ஜெக்டர் அடி காப்பர் வாஷர் கசிய விட்டிருக்கும். எரியும் காஸ் நேரே டப்பட் கவருக்குள் அடிச்சுச் சம்ப் அழுத்தத்தைக் கூட்டுது, பிரீதர் அதோடு ஒயிலையும் தள்ளுது. அதைவிட ஆபத்து, அந்தக் கரி ஒயிலைத் தடிப்பாக்கிச் சம்ப்பில் பம்ப் உறிஞ்சும் வலையை அடைக்கும். ஸ்டார்ட் பண்ணி ஒயில் லைற் அணையச் சுணங்கினால் ஓடாதேங்கோ, சம்ப்பைக் கழட்டி வலையைப் பாருங்கோ.

நாலு வாஷரும் புதிது போடுங்கோ, பழையதைச் சூடாக்கித் திருப்பிப் போட விடாதேங்கோ. வாஷர் இருக்கும் சீட்டைச் சுரண்டித் துப்பரவாக்கி, போல்ட்டை இறுக்கம் அளக்கும் டோர்க் ரென்ச்சில் இறுக்க வேணும். பிறகும் மூடி துள்ளினால் கம்பிரஷன் (சிலிண்டர் அழுத்தம்), லீக் டவுன் (அந்த அழுத்தம் கசியும் அளவு) இரண்டும் பார்த்தால் ரிங் நிலை தெரியும்.

வாஷர் மாத்தும் முன் வேனை ஓட்ட வேண்டியிருந்தால் இன்டர்கூலரை வடிச்சிட்டு ஓடுங்கோ. தேங்கின ஒயில் ஒரே மூச்சில் உள்ளே போனால் என்ஜின் அதையே டீசலாக எரிச்சுத் தறிகெட்டு ஓடும், திறப்பைத் திருப்பி ஓஃப் பண்ணினாலும் நிற்காது. மனுவல் கியர் என்றால் பெரிய கியரில் போட்டு, பிரேக்கை இறுக்கி, கிளச்சை விட்டு அணைக்க வேணும். இல்லையென்றால் காத்து வரும் வாயைப் பலகையால் மூடுங்கோ. கையோ துணியோ வேண்டாம்.

உப்புவெளி வேன்:
மண்ணெண்ணெயில் கழுவலாமா? பிரீதர் ஒயிலைப் பிடிக்கும் கேட்ச் கேன் போடலாமா?

கிண்ணியா நானா:
மண்ணெண்ணெய் ஊத்திக் குலுக்கி வடிச்ச பிறகு, சோப்புச் சுடுதண்ணியில திரும்பக் கழுவி, வாய் கீழே பார்க்க ஒரு முழு நாள் வெயிலில காய விடுங்க. மண்ணெண்ணெய் மிஞ்சினா மேலே சொன்ன அதே ஆபத்து. கேட்ச் கேன் இப்ப வேண்டாம், அது நோயை மறைக்கும். வாஷர் மாத்தி 1,000 கி.மீ. ஓடிக் கழட்டி அளந்து பாருங்க. பிறகு போட்டாலும் ஹோஸ் உள்விட்டம் பழைய அளவே இருக்கணும், நேரத்துக்கு வடிக்கணும். அடைச்சா அழுத்தம் கூடிக் கிராங்க் தண்டின் சீல் ஒழுகும்.