பழைய சொகுசு எஸ்யூவி: ஜெர்மன் டீசலில் இருந்து வோல்வோவுக்கு மாறலாமா?

வணக்கம் நண்பர்களே. கோயம்புத்தூர்ல இருக்கேன். இப்போ ஓட்டுறது ஒரு ஜெர்மன் டீசல் எஸ்யூவி, ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிருச்சு. வண்டி மேல குறையில்லை, ஸ்டீயரிங் பிடிச்சா இறங்க மனசு வராது. ஆனா வாரண்டி முடிஞ்ச பிறகு வர்ற சர்வீஸ் பில்தான் தாங்கல.

அடுத்ததும் செகண்ட் ஹேண்ட்தான். 2019 வோல்வோ எக்ஸ்சி60 டி5 (டீசல்) ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். 235 குதிரைத்திறன், ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்து பலூன்). சீட்ல உட்கார்ந்ததுமே வீட்டம்மா ஓகே சொல்லிட்டாங்க, அதனால பாதி முடிவு ஆயிருச்சுன்னே வைங்க! எனக்குப் பயம் அந்த ஏர் சஸ்பென்ஷன்தான். ராத்திரி நிறுத்தின வண்டி காலையில ஒரு பக்கம் இறங்கி நின்னா, பலூன் மட்டும் மாத்தினா போதுமா, காத்து அடைக்கிற கம்ப்ரஸரும் சேர்த்தா? நம்ம ஊர்ல வெளி மெக்கானிக் யாராவது இதைச் செய்றாங்களா? வோல்வோ இந்தியாவுல டீசலையே நிறுத்திட்டதால ஸ்பேர் கிடைக்குமாங்கிறதும் சந்தேகம்.

லெக்ஸஸ் என்எக்ஸ் 300ஹெச்சும் மனசுல இருக்கு, அது பெட்ரோல் இன்ஜினோட பேட்டரி மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட். பழைய ஹைப்ரிட் வாங்கினவங்க பேட்டரியை எப்படிச் செக் பண்ணீங்க?

டெல்லி வண்டி விலை குறைவுன்னு தெரியும். பத்து வருஷம் தாண்டின டீசல் வண்டி ஓடக் கூடாதுன்னு அங்க கட்டுப்பாடு கொண்டுவந்தாங்க. என்ஓசி (வேற மாநிலத்துக்கு மாத்த வாங்குற தடையில்லாச் சான்று), இங்க மறுபடி வரி, ஆர்டிஓ அலைச்சல் எல்லாம் சேர்த்தா மிச்சம் ஆகுதான்னு கணக்குப் போட்டவங்க சொல்லுங்க.

பிராண்ட் மாறினவங்க அனுபவம்தான் முக்கியமா வேணும். “புது ஃபார்ச்சூனர் எடுத்துடுங்க” மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.