மறு: 'ஸ்லோ மோட்' – மெதுநிலையா, ஆறவிடலா?

வணக்கம்.

அரட்டைக் குழுவில் ஒருவர் ஒன்று எழுதினால் அடுத்ததை எழுதச் சற்று நேரம் பொறுக்க வைக்கும் வசதிதான் 'ஸ்லோ மோட்'. அதற்குத் தமிழ்ச்சொல் 'மெதுநிலை' என்று நம் மடற்குழுவில் முடிந்துவிட்டது என நினைத்திருந்தேன். நேற்றிரவு வந்த மடல்களைப் பார்த்தால் முடியவில்லை. சரி, என் பங்குக்கு.

> மெதுநிலை எல்லோருக்கும் புரிகிறதே, ஏன் மாற்ற வேண்டும்?

புரியும் அண்ணா, ஆனால் பிழையாகப் புரியும். 2022 மார்ச் கடைசியில் இங்கே இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது, எங்கள் தொடர்மாடியின் டெலிகிராம் குழுவில் ஜெனரேட்டர் டீசல் காசு பற்றிப் பெரிய சண்டை. அட்மின் நான்தான். ஒருவர் ஒன்று எழுதினால் அடுத்ததை எழுத ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும் என்று வைத்தேன். மூன்றாம் மாடி அங்கிள் உடனே ஃபோன் எடுத்து, "தம்பி, ஸ்லோ எண்டு விழுது, உங்கட வைஃபையும் ஸ்லோவோ?" என்று கேட்டார். மெது என்றாலும் அதே கதைதான், கருவிக்கு ஏதோ வருத்தம் என்று தோன்றும். டெலிகிராமில் ஒரு மணி நேரம் வரை வைக்கலாம், டிஸ்கார்டில் 6 மணி நேரம் வரை. ஆறு மணி நேரம் வாயை மூடி இருப்பதை யார் 'மெது' என்பார்கள்?

> எதிர்வாக்கு இருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே.

எதிர்வாக்கு, அதாவது பிடிக்காத பதிவுக்கு எதிராக அழுத்தும் 'டவுன்வோட்' அம்புக்குறி, காரணம் சொல்லாது. கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்கும் கெட்ட வார்த்தை எழுதினான் என்பதற்கும் ஒரே அம்புக்குறி. கூட்டம் சேர்ந்து அமுக்கவும் அது வசதி. யூடியூப் 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணிக்கையை மறைத்தபோது சொன்ன காரணமும் அதுதான். எங்கள் குழுவில் மூன்று மொழி. தமிழில் எழுதுகிறவர் எவ்வளவு நியாயம் பேசினாலும் வாக்கென்று வந்தால் தலைக்கணக்கிலேயே தோற்பார். வசைக்கு, காரணத்தோடு முறைப்பாடு போடும் வசதி போதும். ('புகார்' என்று திருத்த வராதீர்கள், அந்தச் சண்டை போன வருடமே ஓய்ந்தது.)

இனிச் சொல்லுக்கு வருகிறேன். தேத்தண்ணி ஆறும், புண் ஆறும், கோபமும் ஆறும். அந்த ஐந்து நிமிடத்தில் நடப்பது அதுதான். 'ஆற்றுகை'யை இங்கே நாடகக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், 'ஆற்றுப்படுத்தல்' உளவளத் துறையிடம் இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்தது 'ஆறுதல்'. எங்கள் பக்கம் "ஆறுதலா வாங்கோ" என்றால் அவசரமில்லாமல் வாருங்கள் என்று பொருள். ஆனால் மதுரையில் ஒருவர் திரையில் 'ஆறுதல்' என்று பார்த்தால் யார் செத்தது என்று கேட்பார். அதனால் ஆறவிடல்.

> ஆறின கஞ்சி பழங்கஞ்சி. ஆறப்போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மட்டக்களப்பு அக்காவின் இந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. ஆறப்போடுவது கந்தோரில் கோப்பைக் கிடப்பில் போடுவது. ஆறவிடுவது திரும்ப எடுத்துக் குடிப்பதற்காக. சொல்லளவில் இவ்வளவு சொல்லலாம். ஆனால் அன்றைக்கு நான் செய்தது ஆறப்போட்டதுதான். சண்டை அடங்கவில்லை என்று ஐந்து நிமிடத்தை ஒரு மணி நேரமாக்கினேன். அட்மினுக்கு அந்தத் தடை கிடையாது, நான் மட்டும் விளக்கம் மேல் விளக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன். டீசல் கணக்கைச் சரியாகக் கேட்ட ஒருவர் பிறகு கேட்கவே இல்லை.

ஆகவே சொல்லோடு நேரமும் சேர்ந்து தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்: 'ஆறவிடல்: இன்னும் 4 நிமிடம்'. 'நிலை', 'பயன்முறை' என்று வால் எதுவும் வேண்டாம், கைபேசித் திரையில் இடம் காணாது.

எல்லோருக்குமாக இல்லாமல் ஒருவரை மட்டும் சில நாள் எழுதவிடாமல் வைப்பதற்கு இந்தச் சொல் பொருந்தாது. அது தண்டனை, அதற்கு வேறு பெயர் தேட வேண்டும். அக்காவே தொடங்கட்டும்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து