புதுப்பிப்பு: அப்பாவின் செயற்கை வால்வும் பெட் ஸ்கேனும்

இதயத்தில் செயற்கை வால்வு வைத்த அப்பாவுக்குக் காய்ச்சல் விடவில்லை, எக்கோவிலும் (இதய அல்ட்ராசவுண்ட்) தெளிவில்லை, பெட்-சிடி (கதிரியக்க ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேன்) எடுக்கலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? எடுத்தாயிற்று. வால்வைச் சுற்றித் தொற்று இருப்பது பளிச்சென்று தெரிந்தது.

பெரும்பாடு சாப்பாட்டில்தான். முந்தின நாள் சோறு, இட்லி, பழம், சர்க்கரை எதுவும் கூடாது. முட்டை, மீன் சரி. அப்புறம் 12 மணி நேரத்துக்கு மேல் பட்டினி. ஊசியில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த ஒரு வகைக் குளுக்கோஸ். தொற்றுள்ள இடம் அதை அதிகம் இழுத்து ஸ்கேனில் ஒளிரும். அதை இதயத் தசையே உறிஞ்சிக்கொண்டால் தொற்றுள்ள இடம் தனியாகத் தெரியாது. காப்பிக்குச் சர்க்கரை கேட்டு அப்பா செய்த ரகளை தனிக்கதை!

'ஆபரேஷன் செய்த இடமே ஒளிருமே' என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயம்தான், ஆறிவரும் புண்ணும் குளுக்கோஸை இழுக்கும். அதனால்தான் 2023 டியூக் அளவுகோலில் (இதய உள்சுவர், வால்வுத் தொற்றைக் கண்டறியும் விதிகள்), செயற்கை வால்வு வைத்து 3 மாதமாவது ஆகியிருந்தால்தான் ஸ்கேனில் இப்படி ஒளிர்வது தொற்றுக்கு முக்கியச் சான்று. அப்பாவுக்குப் பல வருடமாகிறது. இப்போது ஆன்டிபயாட்டிக் ஏறிக்கொண்டிருக்கிறது. மறு அறுவை தேவையா என்பதை மருத்துவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.