வகுப்புக் கட்டணத்தைத் திரும்பக் கேட்டபோது நடந்தவை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மதுரை அம்மா:

ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சடித்திருப்பார்கள்: "ஒருமுறை செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது." அதை விரலால் தொட்டுக் காட்டியதுமே பெரும்பாலான பெற்றோர் எழுந்து வந்துவிடுகிறார்கள். அந்த வரிக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் இருந்தபோது, பத்தாம் வகுப்பு முடித்த கையோடு மகளை ஒரு நீட் பயிற்சி மையத்தில் சேர்த்தோம். இரண்டு வருட வகுப்பு. கட்டணம் 1,20,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் 1,41,600 ரூபாய். முழுவதையும் முதலிலேயே கட்டச் சொன்னார்கள். சேர்க்கையின்போது எந்த உயிரியல் ஆசிரியரைக் காட்டிப் பேசினார்களோ அவர் சில வாரங்களிலேயே வேலையை விட்டுப் போய்விட்டார். இரண்டு பேட்ச்களை ஒன்றாக்கினார்கள். பிள்ளைகளுக்கு உட்கார இடமில்லை. அப்புறம் என் கணவருக்கு மதுரைக்கு மாற்றலாகிவிட்டது.

மீதிக் காலத்துக்கான பணத்தைக் கேட்டேன். "மேடம், உங்க பொண்ணுக்காக ஒரு சீட்டைப் பிடிச்சு வெச்சிருக்கோம். அதை இப்ப யாருக்குக் கொடுக்கிறது?" என்றார் மேலாளர். வேண்டுமானால் ஆன்லைன் வகுப்புக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன்.

பிறகு எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டேன். ஒரு பக்கக் கடிதம்தான். எப்போது சேர்ந்தோம், எவ்வளவு கட்டினோம், என்ன சொன்னார்கள், என்ன நடந்தது, எந்தத் தேதியோடு விலகுகிறோம், நடக்காத வகுப்புகளுக்கு எவ்வளவு வர வேண்டும், எத்தனை நாளுக்குள். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினேன். மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. முழுக் கட்டணம் கட்டிய மாணவர் பாதியில் விலகினால், மீதிக் காலத்துக்கான தொகையைக் கணக்கிட்டு 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. விடுதியில் தங்கியிருந்தால் விடுதி, சாப்பாட்டுக் கட்டணத்துக்கும் அதேதான். அது மாநில அரசுகளுக்குச் சொல்லப்பட்ட நெறிமுறை, நேரடியாகச் சட்டமல்ல என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கடிதத்தில் அதைக் குறிப்பிட்டேன். எது நியாயம் என்று அரசே எழுதி வைத்திருக்கும்போது ஏன் விட வேண்டும்?

பதில் வரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அவர்கள் நம் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. மையத்திலிருந்து 20,000 ரூபாய் தருவதாக ஒரு அழைப்பு வந்ததோடு சரி.

கடைசியில் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். மையம் சென்னையில் இருந்தாலும் மதுரையிலேயே கொடுக்க முடிந்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரில், அல்லது வேலை பார்க்கும் ஊரில் புகார் தரலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நானேதான் எழுதினேன். ரசீது, விளம்பரத் துண்டறிக்கை, ஆசிரியர் விலகியது பற்றி வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி, அனுப்பிய கடிதம், தபால் ஒப்புகை, நோட்டரியிடம் வாங்கிய பிரமாணப் பத்திரம், இவ்வளவும் இணைத்தேன்.

நோட்டீஸ் போனதுமே பேச்சின் தொனி மாறியது. எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாள் தரலாம். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. அந்த அவகாசம் முடிவதற்குள் மையத்திலிருந்து சமரசத்துக்கு வந்தார்கள். படித்த மாதங்களையும் புத்தகங்களையும் கழித்து 96,000 ரூபாய் எங்கள் வங்கிக் கணக்குக்கு வந்தது. பணம் ஏறிய பிறகுதான் புகாரை முடித்துக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையெழுத்தைத்தான் கேட்டார். தயவுசெய்து அந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

கோவை ஐடி பையன்:

அக்கா, நன்றி. என் கதையில் கடன் நிறுவனமும் உண்டு.

ஆன்லைனில் டேட்டா சயின்ஸ் வகுப்பு. ஆலோசகர் என்று ஒருவர் போனில் பேசினார். "மாசம் 6,500தான் சார், பிடிக்கலைன்னா நிறுத்திக்கலாம்" என்றார். ஓடிபி கேட்டார், வீடியோ கேஒய்சி எடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு வந்த மின்னஞ்சலைப் பார்த்தால், வங்கியல்லாத நிதி நிறுவனம் ஒன்று என் பெயரில் கடன் கொடுத்திருக்கிறது. அந்தப் பணம் நேராக வகுப்பு நடத்துபவர்களுக்குப் போய்விட்டது. மாதக் கட்டணம் என்று சொன்னதெல்லாம் கடன் தவணை.

முதல் வாரத்திலேயே வேண்டாம் என்றேன். வகுப்பு நிறுவனம் கடன் நிறுவனத்தைக் கேட்கச் சொன்னது, கடன் நிறுவனம் வகுப்பு நிறுவனத்தைக் கேட்கச் சொன்னது. இந்த இழுபறியில் மாட்டியவர்கள் நம் ஊரில் ஏராளம். வேலை தேடும் பிள்ளைகளின் சிபில் மதிப்பெண்ணை, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று காட்டும் எண்ணை, பணயமாக வைத்து நடக்கும் வியாபாரம் இது, எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதினேன். டிஜிட்டல் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் விதிகள் கொண்டுவந்தது. கடன் வாங்கியவர் மனம் மாறினால், ஒரு குறிப்பிட்ட கால அளவுக்குள் அபராதமில்லாமல் விலகிக்கொள்ள வழி கொடுக்க வேண்டும். அந்தக் கால அளவு கடனின் முக்கிய விவர அறிக்கையில் இருக்க வேண்டும். எனக்கு வந்த அறிக்கையில் அது காணவே இல்லை. அதைச் சுட்டிக்காட்டி, 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்று எழுதினேன். கெடு முடிவதற்குள் கடனை ரத்து செய்தார்கள். பதிவுக் கட்டணம் என்று 5,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

ஒரு விஷயம். கோபத்தில் தவணையை நிறுத்தினால் கடன் நிறுவனம் அதைத் தவறிய தவணையாகப் பதிந்துவிடும். அதனால் முதலில் எழுத்தில் ரத்து கேளுங்கள், "இந்தக் கடன் தகராறில் இருக்கிறது" என்று அவர்களுக்குப் பதிவு செய்துவிடுங்கள். அதன் பிறகு தவணையைப் பற்றி யோசிக்கலாம்.

மயிலாப்பூர் பாட்டி:

எங்கள் பேத்தியின் பாட்டு வகுப்பில் மூன்று மாதப் பணத்தை முன்கூட்டி வாங்குவார்கள். குழந்தைக்கு டெங்கு வந்து போக முடியவில்லை. டீச்சரிடம் நேரில் சொன்னோம். மறு பேச்சில்லாமல் அடுத்த மூன்று மாதத்தில் கழித்துக்கொண்டார். இப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், அதையும் எழுத வேண்டும் அல்லவா.

தஞ்சாவூர் தட்டச்சு நிலையம்:

நான் இந்தத் தொழிலில் இருப்பவன், அதனால் இந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் வாங்கும் பணத்தில்தான் வருடம் முழுக்க வாடகையும் ஆசிரியர் சம்பளமும் ஓடுகிறது. சேர்ந்து ரெண்டே நாளில் பக்கத்துத் தெருவில் குறைவாகச் சொன்னார்கள் என்று வந்து நிற்பவர்களும் உண்டு. சின்ன நிலையங்களுக்கு அது வலிக்கத்தான் செய்யும்.

ஆனாலும் நடத்தாத வகுப்புக்குப் பணம் வைத்துக்கொள்வதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். பதிவுக் கட்டணம் தனி, கொடுத்த புத்தகம் தனி, மீதி மாத வாரியாக. இதை ரசீதிலேயே அச்சடித்துவிட்டேன். மாதாமாதம் கட்டும் வசதியும் வைத்திருக்கிறேன். தகராறு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. பெரிய மையங்களால் இது முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணினியில் ஒவ்வொரு பிள்ளையின் வருகையும் அவர்களிடம் இருக்கிறது.

ஜிஎஸ்டியை அரசுக்குக் கட்டிவிட்டோம், அதை எப்படித் தருவது என்று சிலர் சொல்வார்கள். சேவை நடக்காத பகுதிக்குக் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு) போட்டு அந்த வரியைச் சரிக்கட்டிக்கொள்ளச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை அதைச் செய்யலாம். உங்கள் கடிதத்தில் இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

திருநெல்வேலி அண்ணன்:

என் தம்பியின் வழக்கு ஆணையத்தில் கடைசி வரை போனது. அது எல்லாருக்கும் எளிதாக முடியாது என்பதால் எழுதுகிறேன்.

வங்கித் தேர்வுப் பயிற்சி. ஒரு வருடத்துக்குப் பணம் வாங்கிவிட்டு, பாதியில் அந்தக் கிளையை மூடினார்கள். "நாகர்கோவில் கிளைக்கு வாங்க" என்றார்கள். தினம் போய் வர ஆகும் பேருந்துச் செலவு பற்றி யாருக்கும் கவலையில்லை. ஆணையத்தில் அவர்கள் சொன்ன முதல் வாதம், தாங்கள் கல்வி நிறுவனம், நுகர்வோர் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்பது. இந்த வாதத்துக்குப் பதில் தயாராக வைத்திருங்கள். தேசிய நுகர்வோர் ஆணையத்தின் பெரிய அமர்வு 2020 ஜனவரியில் கொடுத்த ஒரு தீர்ப்பில், கல்லூரி, பல்கலைக்கழகம் போன்றவை தரும் கல்வி இந்தச் சட்டத்துக்குள் வராது என்றது. ஆனால் பயிற்சி மையங்களை அவற்றோடு சமமாக வைக்க முடியாது, அவை வரும் என்றும் அதிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பத்தியை அச்செடுத்து இணைத்தோம். வாதம் அங்கேயே நின்றது.

ரசீது வரியைக் காட்டி ஒப்பந்தம் என்றார்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று அதையே முதன்மைக் குறையாக வைத்தால் புகார் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். மாவட்டத்திலேயே முடிய வேண்டுமானால் சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டின் கீழ் எழுத வேண்டும். குறைபாடுள்ள சேவைக்கான பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று சட்டத்தின் பிரிவு 2(47) சொல்கிறது. ரசீது தராமல் இருப்பதும் அதில் ஒன்று.

உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது. மீதிக் கட்டணம், வட்டி, மன உளைச்சலுக்குச் சிறு தொகை, செலவுத் தொகை. ஆனால் பணம் வரவில்லை! மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும், அதனால் அதையும் செய்யவில்லை, சும்மா இருந்தார்கள். உத்தரவை அமல்படுத்தக் கேட்டு அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போட்டோம். உத்தரவை மதிக்காவிட்டால் பிரிவு 72இன்படி ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையோ, 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உரிமையாளர் நேரில் வர வேண்டும் என்று ஆனதும்தான் டிடி வந்தது.

தம்பி அதற்குள் வேறு இடத்தில் படித்துத் தேர்வும் எழுதிவிட்டான். காத்திருப்பு நீளம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் அதே கிளையில் படித்தவர்களில் எழுதிக் கேட்காத ஒருவருக்குக்கூடப் பணம் வந்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை.

சேலம் புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். தையல், அழகுக்கலை டிப்ளமோ ஒன்றுக்கு 38,000 கட்டினேன். போன வருடம் மார்ச்சில் சேர்ந்தேன், மே மாதத்தோடு வகுப்பே நடக்கவில்லை. கையில் ரசீது இல்லை, பாதி ஜிபேயில் போட்டேன், பாதி ரொக்கம். இன்னும் கேட்கலாமா? என் தங்கை கல்லூரிச் சேர்க்கையை ரத்து செய்திருக்கிறாள், அதற்கும் இதே வழியா?

மதுரை அம்மா:

கேட்கலாம் தங்கச்சி. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. ஜிபே போட்டதற்கு உங்கள் வங்கிக் கணக்கு விவரமே போதும். பணம் யாருக்குப் போனது என்ற பெயர், தேதி, தொகை எல்லாம் அதில் இருக்கும். ரொக்கத்துக்கு, "மீதிப் பணம் கிடைத்தது" என்பது போல அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்தி எதுவும் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், "மொத்தம் 38,000 கட்டியிருக்கிறேன், ரசீது தாருங்கள்" என்று இன்றே வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். அவர்கள் தொகையை மறுக்காமல் வேறு எதையாவது பதிலாகச் சொன்னாலும் அது உங்களுக்கு உதவும். உங்களோடு படித்தவர்கள் யாராவது பிரமாணப் பத்திரம் தந்தால் இன்னும் நல்லது. அவர்களுக்கும் பணம் வர வேண்டியிருந்தால் சேர்ந்தே கடிதம் அனுப்புங்கள்.

தங்கைக்கு வழி வேறு. அண்ணன் மேலே சொன்ன தீர்ப்பால் கல்லூரிக் கட்டணத்தை நுகர்வோர் ஆணையத்தில் கேட்பது கடினம். சேர்க்கையை ரத்து செய்தவர்களுக்குக் கட்டணம் திருப்பித் தருவது பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு தனியாக விதி வைத்திருக்கிறது. எந்தத் தேதிக்குள் விலகினாள் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். முதலில் கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், பிறகு மானியக் குழுவின் குறைதீர் தளத்தில் பதியலாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்திருந்தால் அதையும் அதே கடிதத்தில் கேட்கட்டும். பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அந்த விதியில் உண்டு.

நுகர்வோர் ஆணையத்துக்கான புகாரை இப்போது இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கடிதத்தை எழுதி முடித்ததும், பெயர்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். நானும் திருநெல்வேலி அண்ணனும் பார்த்துச் சொல்கிறோம்.