புதுப்பிப்பு: அப்பாச்சி ஓடுகிறது, வெளியிலிருந்து பார்ப்பதுதான் பாக்கி

வேளச்சேரி வீட்டு விண்டோஸ் கணினியில் சாம்ப் (XAMPP, சொந்தக் கணினியிலேயே இணையதளம் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள் தொகுப்பு) போட்டும், ஸ்டார்ட் அழுத்திய உடனே அதிலுள்ள வெப் சர்வரான அப்பாச்சி நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன். இப்போது ஓடுகிறது.

வெப் சர்வர் வழக்கமாகப் பயன்படுத்தும் வாசலான போர்ட் 80-ஐ வேறு ஏதோ பிடித்து வைத்திருக்கும் என்று நீங்கள் சொன்னது சரிதான். எந்த போர்ட்டை எது பிடித்திருக்கிறது என்று காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் 80-க்கு நேரே பிஐடி (ஓடும் புரோகிராமின் அடையாள எண்) 4, அதாவது விண்டோஸின் சிஸ்டமே. எப்போதோ இயக்கி மறந்த, விண்டோஸின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ் சட்டமாக உட்கார்ந்திருந்தது. சர்வீசஸ் பட்டியலில் ‘வேர்ல்டு வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ்’ என்பதை நிறுத்தியதும் அப்பாச்சி எழுந்துவிட்டது. ஐஐஎஸ் வேண்டும் என்பவர்கள் அப்பாச்சியின் கான்ஃபிக் கோப்பில் ‘லிசன் 80’ என்பதை 8080 ஆக்கிவிட்டு, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்டுக்குப் பின் முக்காற்புள்ளியும் 8080-உம் சேர்த்தால் போதும்.

அப்புறம், வீட்டு வைஃபையில் இருக்கும் போனில் தளத்தைப் பார்க்க 127.0.0.1 (‘இதே கருவி’ என்று பொருள்படும் முகவரி) அடித்தால் வராது. போன் தன்னையேதான் தேடும். கணினியின் 192.168 என்று தொடங்கும் ஐபி முகவரியை அடியுங்கள். வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலும் அப்பாச்சிக்கு வழி விட வேண்டும்.

தாம்பரத்தில் இருக்கும் தம்பிக்குக் காட்டத்தான் முடியவில்லை. ரூட்டருக்கு வந்திருக்கும் ஐபி 100.72 என்று தொடங்குகிறது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் ஐபிகள், இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைக்கும் ஏற்பாட்டுக்கானவை. அதனால் ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கணினிக்குத் திருப்பிவிடும் அமைப்பு) போட்டும் பயனில்லை. இப்போதைக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிச் சமாளிக்கிறேன்.