யுனிக் போட்ட பிறகும் ஒரே வரி திரும்ப வருகிறதே?

வெள்ளவத்தை_வாசி:
எங்கள் பழைய மாணவர் சங்கத்து முகவரிப் பட்டியல். நாலு கோப்பை ஒட்டி 3,200 வரி. போன வருடம் ஒருவருக்கு மூன்று அழைப்பிதழ் போய், "குடும்பத்தோடு வரச் சொல்கிறீர்களோ?" என்று கேட்டார். இந்தத் தரம் லேபிள் அடிக்க முன் யுனிக் (திரும்ப வரும் வரிகளை நீக்கும் யுனிக்ஸ் கட்டளை) போட்டேன். அப்படியும் பெயர்கள் திரும்ப வருகின்றன. கட்டளையில் பிழையா?

பழைய_யுனிக்ஸ்காரன்:
கட்டளை சரி, தம்பி. யுனிக் அடுத்தடுத்து நிற்கும் வரிகளைத்தான் ஒப்பிடும். 12ஆம் வரியில் நிற்பவர் 900ஆம் வரியில் மறுபடி வந்தால் அதற்குத் தெரியாது. முதலில் வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட், பிறகு யுனிக். அல்லது இரண்டையும் ஒன்றாகச் செய்யும் 'சார்ட் -யு'. யுனிக் 1973இல் யுனிக்ஸ் மூன்றாம் பதிப்பில் வந்தது. இந்தக் கேள்வியும் அன்றைக்கே வந்திருக்கும்.

கொட்டாஞ்சேனைப்_பொடியன்:
அண்ணை, அது சேர்ந்த ஆண்டு வரிசையில் உள்ள பட்டியலாக இருந்தால்? அகரவரிசையில் குலைத்துவிட்டு செயலாளரிடம் யார் பேச்சு வாங்குவது? வரி வரியாக வாசித்து வேலை செய்யும் ஓக் கட்டளை போதும்: '!ஏ[$0]++'. கண்ட வரியையெல்லாம் குறித்துக்கொண்டு, முதல் தரம் வருவதை மட்டும் அச்சிடும்.

பழைய_யுனிக்ஸ்காரன்:
அந்தக் குறிக் குவியலை ஆறு மாதம் கழித்து நீரே வாசிப்பீரா? பத்து ஜிபி பதிவுக் கோப்பில் ஓடவிட்டால் ஒவ்வொரு தனி வரியும் நினைவகத்தில் ஏறும். சார்ட் என்றால் தற்காலிகக் கோப்பில் இறக்கி வைத்து வேலையை முடிக்கும்.

கொட்டாஞ்சேனைப்_பொடியன்:
3,200 வரிக்கு எதற்குப் பத்து ஜிபி கதை? சார்ட்டில் பழைய வரிசையைக் காக்க வரி எண் போட்டு, சார்ட் பண்ணி, திரும்ப எண்படி சார்ட் பண்ணுவது, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு நீர்கொழும்பால் போகிற மாதிரி.

வெள்ளவத்தை_வாசி:
இரண்டையும் போட்டேன். இரண்டிலும் 2,710 வரி. ஓக்கில் வரிசை குலையவில்லை. ஆனால் ஒரு முகவரி இன்னும் இரண்டு தரம் நிற்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான், இரண்டும் 'கொழும்பு 06'.

கொட்டாஞ்சேனைப்_பொடியன்:
வின்டோஸில் சேமித்த கோப்பா? வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டியிருக்கும்.

வெள்ளவத்தை_வாசி:
கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் எக்ஸ்எக்ஸ்டியில் பார்த்தேன், வரி முடிவு சரி. 'கொ'தான் வேறு! ஒன்றில் 6 பைட், மற்றதில் 9. யாரோ ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்திருக்கிறார்கள்.

பழைய_யுனிக்ஸ்காரன்:
யூனிகோடில் இரண்டும் சமம். இந்தக் கட்டளைகளுக்கு அது தெரியாது. யூகான்வ் என்ற மாற்றிக் கட்டளையில், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றும். பிறகு சார்ட்.

கொட்டாஞ்சேனைப்_பொடியன்:
பிறகு ஓக்.