சென்னையில் மாதம் நாற்பதாயிரம் போதுமா? முன்பணத்தை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?

ஊரப்பாக்கத்தான்:
சென்னையில் வாழவே முடியவில்லை என்று இந்த மன்றத்தின் எல்லா விவாத இழைகளிலும் புலம்புகிறவர்களுக்காக என் வீட்டுக் கணக்கை இங்கே வைக்கிறேன். நாங்கள் நால்வர். வாடகை 12,000, மளிகை, பால், காய்கறி, எரிவாயு எல்லாம் சேர்த்து 13,000, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை மாதத்துக்குப் பிரித்தால் 7,000, மின்சாரம், போக்குவரத்து, கைப்பேசி, மருந்து ஆகியவற்றுக்கு 6,000. மொத்தம் 38,000. மின்சார ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்துக் கடற்கரை ரயில் நிலையம் வரை போய்வருகிறேன், அதில் எனக்கு எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. வீட்டுக்காரரிடம் கொடுத்த முன்பணத்தை ஏன் சேர்க்கவில்லை என்று யாரும் கேட்க வேண்டாம். அது திரும்பி வரும் பணம், செலவில் சேராது. வரவுக்குள் வாழத் தெரியாதவர்கள் ஊரைக் குறை சொல்வதை நிறுத்த வேண்டும்.

வேளச்சேரி குடித்தனக்காரி:
உங்கள் மளிகைக் கணக்கையும் ரயில் பயணத்தையும் நான் குறை சொல்லவில்லை. முன்பணம் திரும்பி வரும் என்று போகிற போக்கில் எழுதினீர்களே, அந்த வரியைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. என் வீட்டு வாடகை 18,000. பத்து மாத முன்பணம் என்றால் 1,80,000. அதை வங்கியில் ஏழு விழுக்காடு வட்டிக்குப் போட்டிருந்தால் மாதம் 1,050 ரூபாய் எனக்கு வந்திருக்கும். நகையை அடகு வைத்துப் பன்னிரண்டு விழுக்காட்டில் புரட்டியவருக்கோ மாதம் 1,800 ரூபாய் கையை விட்டுப் போகிறது. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படுகிறது, வீடு காட்டிய தரகருக்கு இன்னொரு மாத வாடகை. இரண்டு ஆண்டு குடியிருந்தால் இவை இரண்டும் சேர்ந்து மாதம் 1,500. ஆகவே மாதம் 2,550 முதல் 3,300 ரூபாய் வரை நான் கொடுக்கும் வாடகை எந்த ரசீதிலும் இல்லை. இதற்குச் செலவு என்று பெயர் இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயர்?

பொருளியல் மாணவன்:
வாழ்க்கைச் செலவு என்பதில் எவையெல்லாம் அடங்கும் என்று முதலில் ஒரு வரையறை செய்துகொண்டால் விவாதம் எளிதாகும் என்று நினைக்கிறேன். வீட்டுச் செலவையும் சேமிப்பையும் கலந்து பேசுகிறோமோ?

ஊரப்பாக்கத்தான்:
வட்டி நட்டம் என்று கணக்கிடத் தொடங்கினால் மாதச் சம்பளம் முப்பதாம் தேதி வரும் வரை காத்திருப்பதையும் நட்டத்தில் எழுத வேண்டியதுதான். நான் முந்தைய வீட்டைக் காலி செய்தபோது முன்பணம் ஒரு ரூபாய் குறையாமல் என் கையில் வந்தது. வீட்டை வீடாக வைத்திருந்தேன்.

வேளச்சேரி குடித்தனக்காரி:
நாங்கள் வீட்டை வீடாக வைத்திருக்கவில்லை என்கிறீர்களா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் புகுந்து, தரைத்தளச் சுவர் முழுதும் ஓதம் ஏறியது. குளிர்பதனப் பெட்டி போனது, மெத்தைகள் போயின, அவற்றை நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. மறு ஆண்டு காலி செய்தபோது அந்த ஓதக் கறைக்கும் சேர்த்து எங்கள் முன்பணத்தில்தான் கை வைத்தார்கள். மழைநீர் வடிகாலுக்கு வாடகைக்கு இருப்பவரா பொறுப்பு? திரும்பி வரும் பணம் என்றீர்களே, எவ்வளவு திரும்பி வரும் என்பதை முடிவு செய்கிறவர் யார் என்பதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

மாம்பலம் வீட்டுக்காரர்:
வீட்டு உரிமையாளர்களைக் கொள்ளைக்காரர்களாகச் சித்திரிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பணி ஓய்வுப் பணத்தில் வாங்கிய ஒரே வீட்டின் மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். 2022-இல் மாநகராட்சியின் பழைய பகுதிகளில் 600 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்குச் சொத்து வரி 75 விழுக்காடு உயர்ந்தது, அதற்காக நான் வாடகையை உயர்த்தவில்லை. முன்பு குடியிருந்த ஒருவர் நான்கு மாத வாடகையும் மின்கட்டணமும் பாக்கி வைத்துவிட்டு, முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த முன்பணம் இல்லையென்றால் நான் எந்த நீதிமன்றப் படியில் எத்தனை ஆண்டு ஏறி இறங்கியிருக்க வேண்டும்? பத்து மாதம் என்பது பேராசையினால் வந்த எண் அல்ல.

வேளச்சேரி குடித்தனக்காரி:
ஐயா, நான்கு மாத வாடகை பாக்கி என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் பத்து மாதம் எதற்கு? தில்லியில் ஒன்று அல்லது இரண்டு மாத வாடகையைக் கொடுத்துவிட்டு வீடு பிடிக்கிறார்கள். அங்கே வாடகைக்கு இருப்பவர்கள் எல்லாரும் அரிச்சந்திரனின் வாரிசுகளா? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் முன்பணத்துக்கு அளவாகச் சொல்கிறது. அதற்கு முன்பிருந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு மாதம்தான். அறுபது ஆண்டுகளாகச் சட்டம் ஒன்று சொல்ல, வீட்டு வாசலில் தொங்கும் டு-லெட் பலகை வேறொன்று சொல்கிறது.

மாம்பலம் வீட்டுக்காரர்:
சட்டத்தை எடுத்துக் காட்டுகிறவர் முழுதாக எடுத்துக் காட்ட வேண்டும். இருதரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தால் ஒழிய மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பதுதான் புதிய சட்டத்தில் இருப்பது. அந்த முதல் பாதியை ஏன் விட்டுவிட்டீர்கள்? என் ஒப்பந்தத்தில் பத்து மாதம் என்று எழுதியிருக்கிறது, வந்தவர் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டார்.

வேளச்சேரி குடித்தனக்காரி:
விடவில்லை, அந்த முதல் பாதிதான் எங்கள் கழுத்தில் கிடக்கிறது. ஆடி பிறப்பதற்குள் வீடு மாறியாக வேண்டும், பள்ளி திறந்துவிட்டது, பழைய வீட்டுக்காரர் தேதி குறித்துவிட்டார் என்ற நிலையில் நிற்கிற குடும்பத்திடம் நீட்டப்படும் தாளில் விழும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது? பேரம் பேசினால் அடுத்த ஆள் கீழே காத்திருக்கிறார் என்பார்கள்.

மதுரைவாசி:
இவ்வளவு அல்லல் எதற்கு? எங்கள் ஊரில் இதே வாடகைக்குத் தனி வீடே கிடைக்கும். சென்னைக்காரர்களின் பெருமையே அவர்களுக்குச் செலவு வைக்கிறது.

ஊரப்பாக்கத்தான்:
மதுரை நண்பர் வேலையையும் அங்கேயே வாங்கிக் கொடுத்தால் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறேன். வேளச்சேரி அம்மையாருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகத்துக்குப் பக்கத்தில்தான் இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் 18,000 கொடுத்துத்தான் ஆக வேண்டும். வண்டலூருக்கு அப்பால் வந்தால் வாடகையும் குறையும், முன்பணமும் குறையும்.

வேளச்சேரி குடித்தனக்காரி:
வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சாலை வழியாகச் சோழிங்கநல்லூர் அலுவலகத்துக்கு ஒருமுறை காலை எட்டரை மணிக்குப் போய்ப் பாருங்கள். உங்கள் ரயில் கடற்கரைக்குப் போகிறது, எங்கள் வேலை இருக்கும் சாலையில் ரயிலே இல்லை. மாதவரத்திலிருந்து சிறுசேரி வரையிலான மெட்ரோ இன்னும் தூண்களாகத்தான் நிற்கிறது. பெண்களுக்கு 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் இலவசப் பயணம் இருக்கிறது, அதை நன்றியோடு பயன்படுத்துகிறேன், ஆனால் நெரிசலில் கழியும் நேரத்தை எந்த அரசும் திருப்பித் தருவதில்லை. பேச்சை மாற்ற வேண்டாம். உங்கள் 12,000 வாடகைக்கு முன்பணம் எவ்வளவு கொடுத்தீர்கள்?

ஊரப்பாக்கத்தான்:
ஆறு மாத வாடகை. அது என்னிடமே திரும்பி வரும். அதனால்தான் அது செலவில் சேராது என்கிறேன்.

வேளச்சேரி குடித்தனக்காரி:
எழுபத்திரண்டாயிரம் ரூபாய்! நீங்கள் 38,000 என்று அறிவித்த கணக்கில் அதன் நிழல்கூட விழவில்லை. புதிதாகச் சென்னைக்கு வருகிற ஒரு குடும்பம் உங்கள் கணக்கை நம்பி நாற்பதாயிரத்தோடு தாம்பரத்தில் இறங்கினால் முதல் மாதம் அவர்கள் எங்கே தூங்குவார்கள்?

வடபழனி மீட்டர்:
முன்பணத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே மின் இணைப்பில் துணை மீட்டர் வைத்து, குடித்தனக்காரரிடம் யூனிட்டுக்கு ஒரே விலையாக வாங்குகிறார்களே, அதை யார் கேட்பது? இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை கட்டணம் கிடையாது என்பது 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. அந்த 100 யூனிட்டின் பலன் எங்களுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

மாம்பலம் வீட்டுக்காரர்:
ஒரே இணைப்பில் இரண்டு குடும்பம் ஓடினால் யூனிட் கூடி, விலை கூடுதலான கட்டண அடுக்குக்குப் போய்த் தொகை எகிறுகிறது, அதை யார் தலையில் கட்டுவது? பொது மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் நான்தான் கட்டுகிறேன். 2019 கோடையில் பூண்டியும் செம்பரம்பாக்கமும் வறண்டு கிடந்தபோது தனியார் லாரித் தண்ணீரை என் பணத்தில் வாங்கி மாடிக்கு ஏற்றினேன், அப்போது யாரும் என்னிடம் வட்டிக் கணக்குப் போடவில்லை.

வடபழனி மீட்டர்:
எங்கள் வீட்டில் அதே கோடையில் லாரிக் காசை நான்கு குடித்தனங்களுக்கும் பங்கு போட்டு வாங்கினார்கள். உங்கள் ஒருவரின் நல்ல குணத்தை ஊர் வழக்கமாகக் காட்டாதீர்கள்.

வேளச்சேரி குடித்தனக்காரி:
மின்சாரத்தையும் தண்ணீரையும் தனி இழையில் பேசலாம், அங்கும் வருகிறேன். இங்கே நான் கேட்டது ஒன்றுதான், இன்னும் பதில் வரவில்லை. மாம்பலம் ஐயா, முன்பணம் வெறும் பாதுகாப்புக்கு என்றால், அதற்குரிய வங்கி வட்டியை ஆண்டுதோறும் வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று உங்கள் அடுத்த ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுப்பீர்களா?

மாம்பலம் வீட்டுக்காரர்:
எழுதிக் கொடுக்க மாட்டேன். அப்படி எழுதினால் வாடகையை அந்த அளவுக்கு உயர்த்தித்தான் எழுதுவேன், பிறகு அதற்கும் நீங்கள் ஓர் இழை தொடங்குவீர்கள்.

வேளச்சேரி குடித்தனக்காரி:
பாருங்கள், வாடகையை உயர்த்துவேன் என்கிறார். அப்படியென்றால் அந்த வட்டி இத்தனை காலமும் வாடகையின் ஒரு பகுதியாகத்தான் இருந்திருக்கிறது. ஊரப்பாக்கத்தார் இதைப் படித்துவிட்டுத் தம் 38,000 கணக்கைத் திருத்தட்டும்.

ஊரப்பாக்கத்தான்:
திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. என் பணம் என் வீட்டுக்காரரிடம் பத்திரமாக இருக்கிறது.